மெட்டின் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி

ஜாஸ் நொட்டேஷன் புத்தகங்களைப் பதிப்பிக்கும் நிறுவனத்தாருக்கும், பாட்டுச் செயலிகளில் ‘இசையமைத்தவர்’ என்ற கட்டத்தை நிரப்புகிறவர்களுக்கும்,

வணக்கம்.

மாலை நேரங்களில் என் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேருக்கு கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவனுக்கு ‘சோலார்’ எடுத்தேன். பன்னிரண்டே பார், அதாவது பன்னிரண்டே தாளக் கட்டம் கொண்ட சின்ன மெட்டு. ஆனால் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வரும். நோட்ஸ் தாளின் வலது மூலையில் ‘மைல்ஸ் டேவிஸ்’ என்று, பெயர்பெற்ற அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞரின் பெயர் அச்சாகியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நான் பென்சிலால் ‘சக் வேன், 1946’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் அவன் போனை எடுத்துத் தேடினான். திரையில் மைல்ஸ் டேவிஸ் பெயர் மட்டும்தான் வந்தது.

“சார், நீங்க எழுதினது தப்பா, இதுல போட்டிருக்கிறது தப்பா?”

பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. கிட்டாரை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சொன்னேன். அன்று சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து உங்களுக்கு எழுதுகிறேன். அந்தப் பதிலின் சுருக்கமாவது நீங்கள் அச்சடித்த தாளிலேயே இருந்திருக்க வேண்டும்.

சக் வேன் கிட்டார் கலைஞர். 1946இல் உட்டி ஹெர்மன் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். அதே குழுவில் சன்னி பெர்மன் என்று ஒரு டிரம்பெட் கலைஞர், சின்னப் பையன். அவருக்காக வேன் ஒரு மெட்டுப் போட்டு, அதற்கு ‘சன்னி’ என்றே பெயர் வைத்தார். 1947 ஜனவரியில் பெர்மன் இறந்துபோனார். 1954 ஏப்ரலில் மைல்ஸ் டேவிஸ் பிரெஸ்டீஜ் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ‘சோலார்’ வாசித்தார். 1963இல் அது மைல்ஸ் பெயரில் காப்புரிமைப் பதிவும் ஆனது. மெட்டு தன்னுடையது என்று வேன் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், ஆனால் தாளில் எதுவும் மாறவில்லை. 1997இல் அவரும் காலமானார். அவர் சேர்த்து வைத்திருந்தவை பிறகு வாஷிங்டனில் இருக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குப் போயின. 2012இல் அந்த நூலகத்தின் லாரி ஆப்பல்பாம் அவற்றிலிருந்து 1946ஆம் வருடத்து ஒலிப்பதிவு ஒன்றை வெளியே கொண்டுவந்தார். அதில் இருப்பது நாம் ‘சோலார்’ என்று அறிந்திருக்கும் மெட்டுதான். மைல்ஸ் வாசிப்பதற்கு எட்டு வருடங்களுக்கு முந்தையது.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உட்லான் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மைல்ஸின் சமாதி அங்கேதான். கறுப்புப் பளிங்குபோல் மின்னும் கல், அதில் நோட்ஸ் செதுக்கியிருக்கிறார்கள். அது ‘சோலார்’ மெட்டின் தொடக்கம். அந்தக் கல்லைத் தொட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வீட்டார் அன்போடு செதுக்கிய கல் அது. ஆனால் தாளை மறுபடி அச்சடிக்கலாம். செயலியில் ஒரு வரி சேர்க்க ஒரு நாள்கூடப் பிடிக்காது.

இதைப் படித்துவிட்டு மைல்ஸை நான் திருடன் என்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவரும் இதே இடத்தில் அடிபட்டவர்தான். ‘டானா லீ’ 1947 மே மாதம் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் குழு சவாய் கம்பெனிக்காகப் பதிவு செய்தது. ‘இண்டியானா’ என்ற 1917ஆம் வருடத்துப் பாட்டின் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் வரிசை) மேல் புதிதாக ஓடும் மெட்டு. இசைத்தட்டில் பார்க்கர் பெயர். அந்த மெட்டைப் போட்டது தான்தான், கம்பெனி பெயரை மாற்றிப் போட்டுவிட்டது என்று மைல்ஸ் தன் சுயசரிதையில் எழுதினார். தன் மெட்டுகளில் முதன்முதலில் பதிவானதே அதுதான் என்றும் சொன்னார். குழுக்கள் வாசிக்க மெட்டுகளை அமைத்துக் கொடுக்கும் கில் எவன்ஸ், ஒரு பெரிய குழுவுக்காக அந்த மெட்டைக் கேட்டு மைல்ஸிடம் வந்ததில்தான் இருவரின் நட்பும் தொடங்கியது. அந்த நட்பிலிருந்து பின்னால் எத்தனை பெரிய இசை பிறந்தது என்று உங்களுக்கே தெரியும். இன்றைக்கும் ‘டானா லீ’ என்று தேடினால் பார்க்கர் பெயர்தான் முதலில் வருகிறது. வேனுக்கு ஒரு நியாயம், மைல்ஸுக்கு ஒரு நியாயம் என்று நான் பிரிக்கவில்லை. இரண்டு தாள்களிலும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

‘சோலார்’ இருக்கும் இசைத்தட்டின் பெயர் ‘வாக்கின்’. அதன் இரண்டாம் பக்கம் ‘சோலார்’ மெட்டில் தொடங்குகிறது. முதல் பக்கத்தில் முதலில் வருவது ‘வாக்கின்’. அந்த மெட்டைப் போட்டவர் என்று லேபிளில் இருப்பது ரிச்சர்ட் கார்ப்பென்டர், அதாவது இசைக் கலைஞர்களுக்கு மேனேஜராக இருந்த ஒருவர். ஆனால் 1950இலேயே சாக்ஸஃபோன் கலைஞர் ஜீன் அம்மன்ஸ் இதே மெட்டை ‘கிரேவி’ என்ற பெயரில் வாசித்திருக்கிறார். அதைப் போட்டவராகச் சொல்லப்படுபவர் ஜிம்மி மண்டி. ஊசியை எந்தப் பக்கத்தில் வைத்தாலும் முதலில் வருவது உரிமைத் தகராறு உள்ள மெட்டு. ஜாஸைக் கொஞ்சமாவது கேட்டவர் வீட்டில் எல்லாம் இருக்கும் தட்டு இது, எங்கோ மூலையில் கிடப்பதல்ல.

இது 1950களில் தொடங்கிய பழக்கமும் இல்லை. முதல் ஜாஸ் தட்டிலேயே இருக்கிறது. ஒரிஜினல் டிக்சிலாண்ட் ஜாஸ் பேண்ட் 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக இரண்டு மெட்டுகள் பதிவு செய்தது. ஒன்று ‘லிவரி ஸ்டேபிள் புளூஸ்’. கிளாரினெட் சேவல் மாதிரி கூவும், கார்னெட் குதிரை மாதிரி கனைக்கும், டிராம்போன் மாடு மாதிரி கத்தும். காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அதன் பெயர் ‘பார்ன்யார்ட் புளூஸ்’. தட்டில் அச்சானதோ ‘லிவரி ஸ்டேபிள் புளூஸ்’. இந்த இடைவெளியில், குழுவிலிருந்து முன்பே விலகியிருந்த கிளாரினெட் கலைஞர் அல்சீட் நூனியஸ், ரே லோபஸுடன் சேர்ந்து தட்டில் இருந்த பெயரிலேயே சிகாகோவில் நோட்ஸ் வெளியிட்டார். வழக்கு சிகாகோ நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி கார்ப்பென்டர் 1917 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னார்: இரண்டு தரப்புக்கும் உரிமை இல்லை. இசைப் பயிற்சியே இல்லாத இவர்களில் யாரும் இந்த மெட்டைக் கற்பனை செய்திருக்க முடியாது என்பது அவர் கருத்து. நோட்ஸ் படிக்கத் தெரியாதவனுக்கு மெட்டுப் போடவும் தெரியாது என்று ஒரு நீதிமன்றம் நினைத்ததை இன்று படிக்கும்போதும் எனக்கு மனசு கசக்கிறது. எத்தனையோ பெரிய மெட்டுகள் நோட்ஸே தெரியாத கைகளிலிருந்து வந்தவைதானே.

அந்தத் தட்டின் மறுபக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டிக்சி ஜாஸ் பேண்ட் ஒன்-ஸ்டெப்’. அதன் ஒரு பகுதி, கறுப்பின இசையமைப்பாளர் ஜோ ஜோர்டன் 1909இல் வெளியிட்ட ‘தட் டீசிங் ராக்’ என்பதிலிருந்து வந்தது. ஜோர்டன் கேட்டார். விக்டர் கம்பெனி லேபிளை மாற்றியது. மெட்டின் பெயருக்குக் கீழே, ‘தட் டீசிங் ராக்’ இதில் இடம்பெறுகிறது என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்தார்கள். உள்ளங்கை அளவு வட்டக் காகிதம் அது. நடுவில் ஓட்டை, சுற்றிலும் கம்பெனிப் பெயர், எண், குழுவின் பெயர். அதற்குள்ளும் ஒரு வரிக்கு இடம் கிடைத்தது. நூறு வருடங்களுக்கு முன்னால் அந்தச் சின்ன வட்டத்தில் முடிந்தது, இன்று உங்கள் தாளிலும் திரையிலும் ஏன் முடியவில்லை? இந்த மடலே அதற்காகத்தான்.

உங்கள் பக்கத்து பதில் எனக்குத் தெரியும். ‘பதிவேட்டில் உள்ளதைத்தான் நாங்கள் போடுகிறோம்.’ சரி. அந்தப் பதிவேடு எப்படி உருவானது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1909ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதன்படி மெட்டுக்கு உரிமை பதிவு செய்ய நோட்ஸ் எழுதித் தாளாகக் கொடுக்க வேண்டும். ஒலிப்பதிவைக் கொடுத்தால் செல்லாது. 1978இல் புதிய சட்டம் அமலான பிறகுதான் தட்டையோ நாடாவையோ கொடுத்துப் பதிவு செய்ய முடிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கிளப்பில் பிறந்த மெட்டை அடுத்த நாள் உட்கார்ந்து எழுதி, கட்டணம் கட்டி, அலுவலகத்துக்கு அனுப்பியது யார்? வாசித்தவர் இல்லை. பெரும்பாலும் பதிப்பாளர், மேனேஜர், குழுத் தலைவர். காப்புரிமை அலுவலகமும், இதை நீதான் போட்டாயா என்று விசாரிப்பதில்லை. உரிமை கோரி வந்ததைப் பதிந்துகொள்கிறது. யார் முதலில் கவுன்ட்டருக்குப் போனார் என்பதற்கு அது நல்ல சாட்சி. யார் மெட்டுப் போட்டார் என்பதற்கு அது போதாது.

இந்தக் கதைகளில் 25 டாலர் என்ற தொகை திரும்பத் திரும்ப வருகிறது. டியூக் எல்லிங்டன் குழுவில் டிராம்போன் வாசித்த ஹுவான் டிசோல், ‘கேரவன்’ மெட்டில் தனக்கிருந்த உரிமையைப் பதிப்பாளர் இர்விங் மில்ஸுக்கு 25 டாலருக்கு விற்றார். உலகம் முழுக்க அது ஓடத் தொடங்கிய பிறகுதான் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது. அதே குழுவின் கூட்டி வில்லியம்ஸ், தான் வாசித்துப் பார்த்த ஒரு சின்ன மெட்டை எல்லிங்டனுக்கு 25 டாலருக்குக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அது முதலில் ‘கன்செர்ட்டோ ஃபார் கூட்டி’ ஆனது, பிறகு வரிகள் சேர்ந்து ‘டூ நத்திங் டில் யூ ஹியர் ஃப்ரம் மீ’ என்று வேறு பெயரில் ஹிட் ஆனது. 1959இல் பதிவான ‘புளூ இன் கிரீன்’ மெட்டுக்கு மைல்ஸ் பெயர்தான் போடப்பட்டது. அந்தப் பதிவில் பியானோ வாசித்த பில் எவன்ஸ் ராயல்டி பற்றிப் பேச்செடுத்தபோது மைல்ஸ் 25 டாலருக்கு ஒரு செக் எழுதிக் கொடுத்தார் என்பது எவன்ஸ் சொன்ன கதை. அந்த வருடக் கடைசியில் எவன்ஸ் தன் சொந்தத் தட்டில் அதே மெட்டை வாசித்தார். அதில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. பின்னாளில் மேரியன் மெக்பார்ட்லாண்டின் வானொலி நிகழ்ச்சியில் கேட்டபோது, போட்டது தான்தான் என்று சொல்லிவிட்டு, இதைப் பெரிய வழக்காக்க விரும்பவில்லை என்றும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். சண்டைக்குப் போகாத மனுஷன் என்பதற்காக அவர் பெயர் விட்டுப்போகலாமா?

கர்நாடக இசையில் தியாகராஜர் கடைசிச் சரணத்தில் தன் பெயரையே முத்திரையாக வைத்துவிட்டுப் போனார். யார் பாடினாலும் அந்தப் பெயர் கூடவே வரும். ஜாஸ் மெட்டுக்குச் சாகித்தியம் இல்லை, முத்திரை வைக்க இடமும் இல்லை. தாளின் மூலையில் நீங்கள் அச்சடிக்கும் அந்தச் சின்ன வரிதான் அவர்களுக்கு முத்திரை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1936இல் ஆண்டி கர்க் குழுவுக்காக அவர் ‘வாக்கிங் அண்ட் ஸ்விங்கிங்’ எழுதினார். அதன் நடுவில் ஒரு சின்னத் திருப்பம் வரும். இன்னொரு பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் ‘ரிதம்-ஏ-நிங்’ தெரிந்தவர்கள் அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் மங்க் மெட்டின் தொடக்கமே அதுதான். மங்க்கின் ‘ஹேக்கன்சாக்’ சாக்ஸஃபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1945இல் வாசித்த ‘ரிஃப்டைடு’தான். அதுவும் மேரி லூ முன்பு ஒரு பாட்டைக் குழு வாசிப்பதற்காக அமைத்து எழுதிய அரேஞ்ச்மென்ட்டிலிருந்து வந்தது என்று மங்க்கின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மங்க் அவருக்கு நெருங்கிய நண்பர். யாரும் ஒளித்துத் திருடவில்லை, அன்றைக்கு எல்லாரும் எல்லாரிடமிருந்தும் எடுத்தார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனை கை மாறியதில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் இந்த இரண்டு மெட்டுகளின் லேபிளிலும் ஏறவில்லை. இந்த இரண்டு மெட்டுகளையும் வாசிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மேரி லூ தெரியும் என்று உங்கள் புத்தகம் வாங்குகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பெயர் மாறும் விஷயம் தனி. அதிலே எல்லாம் கெட்ட எண்ணம் இல்லை. அழகான கதைகளும் இருக்கின்றன. ‘ஜஸ்ட் யூ, ஜஸ்ட் மீ’ என்ற பழைய பாட்டின் கார்ட்ஸ் மேல் மங்க் ஒரு மெட்டுப் போட்டார். நீ மட்டும், நான் மட்டும் என்பது நாம் மட்டும் ஆனது, அதாவது ‘ஜஸ்ட் அஸ்’. அதைச் சேர்த்துச் சொன்னால் ‘ஜஸ்டிஸ்’. நீதிக்கு வேண்டியது சாட்சியம், ஆக ‘எவிடன்ஸ்’ என்று நிலைத்தது. பார்க்கர் 1945இல் பதிவு செய்த ‘த்ரைவிங் ஆன் எ ரிஃப்’தான் ‘ஆந்த்ரபாலஜி’. மங்க்கின் இன்னொரு மெட்டு பெயரே நிலைக்காமல் கிளப் கிளப்பாகச் சுற்றி, கடைசியில் ‘52ஆம் தெரு தீம்’ ஆனது. எப்படியோ ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். ஆனால் செயலியில் இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு மெட்டுகளாகக் கிடக்கின்றன. ஒன்றைத் தேடுகிறவனுக்கு மற்றது கிடைப்பதில்லை. பணமும் அப்படித்தான் தடம் மாறுகிறது. கிளென் மில்லரின் ‘இன் தி மூட்’ 1939இல் நாடு முழுவதும் ஓடியது. அதே மெட்டு 1930இலேயே விங்கி மனோன் வாசித்த ‘டார் பேப்பர் ஸ்டாம்ப்’ தட்டில் இருக்கிறது, 1931இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவின் ‘ஹாட் அண்ட் ஆங்ஷியஸ்’ தட்டில் இருக்கிறது. மூன்றையும் வரிசையாகப் போட்டுக் காட்டினால் என் மாணவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். அந்த வரிசையை நான் கையால் தொகுக்க வேண்டியிருக்கிறது.

சில மெட்டுகளுக்கு ஒருவரைக் காட்டவே முடியாது என்பதும் உண்மை. சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸின் ‘செயின்ட் தாமஸ்’ அவர் அம்மா பாடக் கேட்டு வளர்ந்த கரீபியன் பாட்டு. ரோலின்ஸுக்கு முந்தைய வருடமே ராண்டி வெஸ்டன் அதை ‘ஃபயர் டவுன் தேர்’ என்று வாசித்திருக்கிறார். அதற்கு ‘மரபு மெட்டு’ என்று போட்டு, ரோலின்ஸ் அதை எப்படி எடுத்தார் என்று ஒரு சொல் சேர்த்தாலே போதும்.

நான் கேட்பது உங்களை நீதிபதியாக உட்காரச் சொல்லி அல்ல. யாருடைய பெயரையும் அடிக்க வேண்டாம். பதிவேட்டில் உள்ள பெயர் பதிவேட்டில் உள்ள பெயராகவே இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் பதிவான வருடத்தைப் போடுங்கள். மெட்டுக்கு வேறு பெயர் இருந்தால் அதையும் போடுங்கள். முந்தைய ஒலிப்பதிவு கைக்குக் கிடைத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். இன்னொருவர் உரிமை கோரியிருந்தால், ‘இவரும் கோருகிறார்’ என்று எழுதுங்கள். செயலியில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை என்றால் கட்டத்தைச் சேர்ப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. 1975இல் பாஸ்டனில் இரண்டு மாணவர்கள் கையால் எழுதிப் பிரதி எடுத்து விற்ற நோட்ஸ் புத்தகத்திலிருந்துதான் உலகமே இந்த மெட்டுகளைக் கற்றுக்கொண்டது. 2004இல் அதற்கு முறையான அனுமதியோடு பதிப்பு வந்தபோது எத்தனையோ நோட்ஸ் தவறுகளைத் திருத்தினார்கள். நோட்ஸைத் திருத்த முடிந்தவர்களால் பெயரையும் திருத்த முடியும்.

‘சோலார்’ தாளுக்கு நான் எழுதி வைத்திருப்பதை இங்கேயே தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

சோலார். வேறு பெயர்: சன்னி. பதிவில் உள்ளவர்: மைல்ஸ் டேவிஸ், 1963. முந்தைய ஒலிப்பதிவு: 1946, சக் வேன் போட்ட மெட்டாக, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சேகரிப்பில்.

எண்ணிப் பார்த்தேன், என் தாளின் மூலையில் இது இரண்டு வரிக்குள் அடங்குகிறது. மைல்ஸ் பெயரும் அப்படியே இருக்கிறது. அந்த மாணவன் வருகிற வியாழக்கிழமை ‘டானா லீ’ கற்க வருகிறான். அதற்கும் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் அதை நீங்கள் அச்சடித்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கிட்டார் வாத்தியார்